சேறு படாத கால்

காட்டின் தலைமைக்குப் போட்டியிட்ட புலி, துணைத் தலைவராகத் தன்னோடு யாரை நிறுத்தப் போகிறது என்பதுதான் அந்தக் கோடை முழுக்கப் பேச்சாக இருந்தது.

"உங்க பேருதான் அடிபடுது," என்று தெற்குக் காட்டுக்குப் பொறுப்பாக இருந்த யானையிடம் மைனா சொன்னது. "புலிக்குத் தெற்கத்தி ஓட்டு வேணும். உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"

"சும்மா இரு," என்றது யானை. ஆனால் அன்று மாலையே மரத்தில் உரசி உரசி உடம்பிலிருந்த சேற்றையெல்லாம் உதிர்த்துவிட்டது.

ஆறு வற்றியதும் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பது வருஷா வருஷம் யானையின் வேலை. தெற்கில் எல்லோரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிப்பார்கள்.

மான் வந்தது. "ஐயா, இன்னும் ஊத்துத் தோண்டலையே. என் குட்டிக்கு நாக்கு வறண்டு போச்சு."

"நாளைக்குப் பார்க்கலாம். திடீர்னு புலி கூப்பிட்டா சேத்துக் காலோடயா போய் நிக்கிறது?"

மான் மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. பிறகு வரவில்லை.

பத்தாம் நாள் மைனா வந்தது. "புலி நரியை நிறுத்திடுச்சு. உங்க பேரை அங்க யாருமே எடுக்கலையாம்."

யானை ஆற்றுக்குப் போய்க் காலால் மணலைப் பறித்தது. ஒரு முழத்திலேயே தண்ணீர் இருந்தது.

குட்டியைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி மானுக்குக் குரல் கொடுத்தது.

மான் தனியாக வந்து, குனிந்து குடித்தது.