ராகி பிஸ்கட்டின் உச்சி

அவள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தாள்.

விழுந்துவிட்டது.

ஓசூர் பிஸ்கட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் சேர்ந்த பிறகு, அவளே யோசித்துச் செய்யும் முதல் பண்டம். ராகி பிஸ்கட். ருசியில் குறையில்லை. கோப்பையிலிருந்து வாய்க்கு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

நாளை முதலாளி வருகிறார். பிஸ்கட் தேநீரில் நிற்காவிட்டால் ராகியை விட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

உற்பத்தி மேலாளர் ஆசீர்வாதம் அவளுடைய கணினித் திரையை எட்டிப் பார்த்தார். புதிதாக வாங்கிய மென்பொருள். எதை எப்படிக் கலந்து சுட்டுப் பார்க்கலாம் என்று அதுவே திட்டம் போட்டுத் தரும்.

ராகி, வெல்லம், சுடும் நேரம். இவற்றுக்குக் குறைவு, நடு, அதிகம் என்று மூன்று அளவுகள்.

சூட்டுக்கு மட்டும் இரண்டு. சோதனைக்கூடத்தின் பழைய அடுப்பு குறைவாக எரியும், அதிகமாக எரியும். நடுவில் நிற்காது.

அவள் அதை அப்படியே மென்பொருளிடம் சொன்னாள். அது முரண்டு பிடிக்கவில்லை. இருப்பதை வைத்து எந்தெந்தக் கலவைகளைச் சுட்டால் போதும் என்று காட்டியது.

ஆசீர்வாதத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ண மாத்துனா மத்தத மாத்தக் கூடாதும்மா. இது எல்லாத்தையும் ஒரே நேரத்துல கலைச்சுப் போடுது. எதனால எது வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"அத இது பிரிச்சுச் சொல்லும் சார்."

"சொல்லட்டும், பாப்போம்."

சுட்டார்கள்.

அவள் ஒவ்வொன்றையும் நனைத்து, விழும்வரை கடிகாரம் பார்த்தாள். அவர் ஒவ்வொன்றையும் கடித்து மதிப்பெண் போட்டார். சில தொட்டதுமே கரைந்தன. சில கல்லாக நின்றன. ஒன்றைக் கடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு முட்டை மார்க்."

அவள் சிரித்துக்கொண்டே அதையும் கணினியில் ஏற்றினாள்.

அந்த எண்களெல்லாம் சேர்ந்து திரையில் ஒரு மலைப் படமாக எழுந்தன. பள்ளமெல்லாம் தோற்ற பிஸ்கட்டுகள். மேலே ஏற ஏற நல்லவை.

உச்சி, அவர்கள் சுடாத ஓர் இடத்தில் இருந்தது. ராகி நடுவுக்குச் சற்று மேல். வெல்லம் கொஞ்சம் குறைவு. அடுப்பில் குறைந்த சூடு, நீண்ட நேரம்.

ஆசீர்வாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அங்க நாம போகவே இல்லையேம்மா."

"இல்ல சார்."

அந்த அளவில் மாவு பிசையும்போது அவள் திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தாள். மலை பொய்யாக இருந்தால்? எண்களுக்கு என்ன தெரியும், தேநீரைப் பற்றி?

அடுப்பிலிருந்து தட்டு வந்தது. ஆறவிட்டார்கள். பேக்கிங் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

இந்த முறை ஆசீர்வாதமே நனைத்தார். பாதிவரை. விழப்போவதைக் கண்ணால் பார்த்தே தீருவது என்பதுபோல் அசையாமல் பிடித்திருந்தார்.

அவள் கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனாள்.

கதவுக்கு அப்பால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

அவர் மெல்ல வெளியே எடுத்தார்.

முழுதாக இருந்தது.

கடித்தார். மென்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"டீ ஆறிப்போச்சும்மா. சூடா ஒண்ணு சொல்லு."

சொல்லிவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.