டோசருக்குக் குறை சொன்னவன்

"இதை வாங்காதேங்கோ முதலாளி," என்றான் மெக்கானிக் குகதாசன்.

உரும்பிராய்த் தோட்டக்காணியில் நின்றது அந்தப் பழைய செயின் டோசர். விற்க வந்தவன் சிமியோன். வாங்க வந்த ரோட்டுக் கொந்தராத்துக்காரர் தவநேசன் சிரித்தார். செயின் டோசர் தெரிந்த வேறு ஆள் கிடைக்காததால்தான் குகதாசனைக் கூட்டி வந்திருந்தார்.

"ஏனடா?"

"எஞ்சினைத் தொட்டுப் பாருங்கோ, சுடுகுது. நாங்கள் வரமுன்னமே ஸ்டார்ட் பண்ணி வைச்சிருக்கினம். ஆறினால் பிடிக்காது. செயின் தேஞ்சு தொங்குது. அதை இழுக்கிற பல்சில்லு ஊசி மாதிரிக் கூராப் போச்சு. கிளச் போய், இடப்பக்கம் திரும்பாது."

"அண்டைக்கு அந்த லொறிக்கும் உப்பிடித்தான், கொமிசன் அடிக்க, பிரேக் பிடிக்காதெண்டு அளந்தனி."

"அதை நீங்கள் கேட்டிருந்தால் என்ரை தம்பிக்கு இண்டைக்குக் கால் இருந்திருக்கும்."

"அவனுக்கு லொறி ஓடத் தெரியாததுக்கு நான் என்ன செய்ய? இப்ப ஆருக்கு இதை வாங்கிக் குடுக்க இந்த நாடகம்?"

"சத்தியமா முதலாளி, இது பழைய இரும்புக்குப் போற சாமான்."

"நீ உவ்வளவு குறை சொன்னால் சாமான் திறம்தான்!"

தவநேசன் முழுக்காசையும் அங்கேயே சிமியோனிடம் கொடுத்து, குகதாசனை விட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் சிமியோன் நெற்றியைத் துடைத்தான்.

"பயந்தே போனன் அண்ணை. உங்கடை சொந்த டோசருக்கு இவ்வளவு குறை சொல்லலாமே? ஒண்டை எண்டாலும் மறைச்சிருக்கலாம்."

"நான் சொன்ன உண்மையை அவன் ஒருநாளும் நம்பினதில்லையடா. மறைச்சிருந்தால் நாளைக்கு வந்து என்ரை சேட்டுக் கொலரைப் பிடிப்பான். இனி ஆரின்ரை கொலரைப் பிடிப்பான்?"