கூண்டின் அளவு

விமானம் ஏறும் வாசலில், கண் கூசும் வெள்ளை விளக்கின் கீழே, பைகளின் அளவு பார்க்க நிற்கும் இரும்புக் கூண்டுக்குள் தையல்காரியின் பை இறங்க மறுக்கிறது. பைக்குள் மகளின் கல்யாண உடுப்பு கசங்காமல் மடிந்திருக்கிறது. "உள்ள போகலன்னா பணம் கட்டணும்மா, பை கீழ சரக்கோட போயிடும்," என்கிறாள் சீட்டு பார்க்கும் பெண், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். தையல்காரி கைப்பையிலிருந்து அளவு நாடாவை உருவிக் கூண்டின் வாயை அளக்கிறாள். கூண்டின் மேலுள்ள பலகையில் நாற்பது சென்டிமீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நாடா முப்பத்தெட்டிலேயே நின்றுவிடுகிறது. "போர்டு சும்மா பாக்கறதுக்கும்மா. கூண்டுதான் கணக்கு," என்கிறாள் அந்தப் பெண். "நான் இப்படி அளவெடுத்தா துணிய என் மூஞ்சியிலயே விட்டெறிவாங்க," என்று பணத்தை நீட்டும்போதுதான் அவள் கண் அந்தப் பெண்ணின் சீருடையில் விழுகிறது. தோள் இறுக்கிப் பிடிக்கிறது, சட்டைக் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. "உன்கிட்டயும் ரெண்டு சென்டிமீட்டர் திருடிட்டானுங்களே!" அந்தப் பெண் சட்டென்று சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.