தோற்றது தெரியாத திரை

கணினி விளையாட்டுகளை வடிவமைத்த காலத்தில் எஸ்தர் கற்றுக்கொண்ட பெரிய பாடம், தோற்றவனுக்கு வலிக்கக் கூடாது என்பதுதான். வலித்தால் எழுந்து போய்விடுவான். அந்தத் திறமைக்காகத்தான் குடும்ப நீதிமன்றம், தீர்ப்பைக் கைபேசியில் அறிவிக்கும் திரையை வடிவமைக்கும் வேலையை அவளிடம் ஒப்படைத்தது. மெல்லிய இசை, மலரும் பூக்கள், மனதைத் தளர்த்தும் நிறங்கள் என்று இழைத்து இழைத்துச் செய்தாள். அதன்பிறகு தீர்ப்பு கேட்டு யாரும் கதறியதில்லை.

இன்று அவளுடைய வழக்கிலேயே தீர்ப்பு வந்தது. சமையலறையில் நின்றபடி கைபேசியைத் திறந்தாள். பூக்கள் மலர்ந்தன. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் கெசியா அடுத்த மாதம் முதல் அப்பாவிடம் வளர்வாள் என்றது திரை. எஸ்தருக்குத் தூக்கம் வருவதுபோல இதமாக இருந்தது.

“என்னம்மா சொல்லிட்டாங்க?” என்றாள் கெசியா.

“அடுத்த மாசம் நீ அப்பாகிட்ட போகணுமாம்டி.”

கெசியா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். “உனக்கு அழுகை வரலையா?”

எஸ்தர் நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

“வரலைடி.”

கெசியா தன் பள்ளிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அப்போ அப்பாவ இன்னைக்கே வரச் சொல்லும்மா.”

“சரி” என்று எஸ்தர் அவன் எண்ணை அழுத்தினாள்.