அடுத்த வீட்டுக் கிணறு

"இஞ்சேருங்கோ, உந்தக் கம்பஸ் பிள்ளை இண்டைக்கும் உவள் கமலாவதியின்ரை கிணத்திலைதான் அள்ளுறாள்!"

வேலி ஓட்டையான பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தபடி நாகேஸ்வரி சொன்னாள். வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் தம்பிஐயா நிமிரவே இல்லை.

"அள்ளினால் அள்ளட்டும். கிணறு வத்திப்போகுமே?"

"உங்களுக்கு ஒரு கோதாரியும் விளங்காது. முதலிலை எங்கடை புத்தூரிலை எல்லாக் கிணத்திலையும் ஒவ்வொரு போத்தில் எடுத்தவள். இப்ப கிழமைக்குக் கிழமை உவளின்ரை கிணத்துக்கு மட்டும் வாறாள். ஏனாம்?"

"அவளைக் கேளன்."

"கேக்க வேணுமே? ஊரிலை திறமான தண்ணி உவளின்ரைதான் எண்டு கம்பஸ் முடிவு கட்டிப்போட்டுது!"

நாகேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? கல்யாண வீடென்றால் தேநீர் போட இவள் கிணற்றிலிருந்துதான் குடம் குடமாகப் போகும். நேற்று வந்து தோட்டக்கரையில் கிணறு வெட்டிய கமலாவதி இன்று கூட்டுறவுச் சங்கக்கடையில் நின்று, "எங்கடை தண்ணி திருநெல்வேலிக் கம்பசுக்கே போகுது" என்று பெருமை பேசுகிறாள். அவள் புருசன் மார்க்கண்டு வேறு, தினமும் காலையில் சைக்கிளில் பிளாஸ்டிக் கானைக் கட்டிக்கொண்டு எங்கோ போய் வருகிறான். தட்டுப்பாட்டுக் காலத்தில் மண்ணெண்ணெய்கூட அவர்களுக்குத்தான் கிடைக்கிறது போலும்.

போத்தலை நிரப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மார்கிரட் வழக்கம்போல நாகேஸ்வரியின் படலையைத் திறந்து வந்தாள். குருநகரில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். கம்பஸ் என்று ஊரார் சொல்கிற பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள்; கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பதுதான் ஆராய்ச்சி. பஸ் ஓடாத நாளிலும், மேலே இராணுவ ஹெலி சுற்றுகிற நாளிலும் சைக்கிள் மிதித்து வந்துவிடுவாள்.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறியளே?"

இதுதான் நாகேஸ்வரிக்குப் பொறுக்கவே முடியாதது. தாகத்துக்கு மட்டும் இவளுடைய தண்ணீர். போத்தலில் அடைத்துக் கவனமாகக் கொண்டுபோவது அவளுடைய தண்ணீர்!

"ஏன் பிள்ளை, அங்கையே குடிச்சிருக்கலாம்தானே?" என்று செம்பை நீட்டினாள்.

மார்கிரட் செம்பை வாங்கி மடக்மடக்கென்று குடித்தாள்.

"உதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்? வெளிநாடு போற யோசனையோ?"

"சீச்சீ. எங்கடை கரையிலை நல்ல தண்ணி இல்லை அக்கா. சின்னனிலை குழாயடியிலை குடத்தோடை நிண்டு நிண்டு வளந்தனான். தண்ணியாலை ஒரு குழந்தைக்கும் வருத்தம் வரக்கூடாது. அதுக்கு ஒரு வழி கண்டால் எனக்கு அது போதும்."

'அந்த வழி உவளின்ரை கிணத்துக்குள்ளைதான் கிடக்குதாக்கும்!' என்று மனதுக்குள் பொருமினாள் நாகேஸ்வரி. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"பின்னாலை ஆடு குட்டி போட்டிருக்கு. போய்ப் பாத்திட்டு வா பிள்ளை."

மார்கிரட் பின்பக்கம் போனதுதான் தாமதம். நாகேஸ்வரி அவள் வைத்துவிட்டுப் போன பையிலிருந்த போத்தலை எடுத்துக் கமலாவதியின் தண்ணீரை வாழையடியில் ஊற்றினாள். தன் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கி, இருந்தபடியே வைத்தாள்.

மார்கிரட் போன பிறகு விசயத்தைக் கேட்ட தம்பிஐயா தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்கென்ன விசரே?"

"இருந்து பாருங்கோ. இந்த முறைத் தண்ணிதான் திறம் எண்டு கம்பசிலை சொல்லுவினம். அப்ப ஊருக்கு முன்னாலை சொல்லுவன், 'அது என்ரை கிணத்துத் தண்ணி' எண்டு!"

அந்தக் கிழமை ஏழு நாளும் அடுப்படியிலும் கிணற்றடியிலும் அந்த வசனத்தையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த கிழமை மார்கிரட் வந்த வேகத்தில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கமலாவதியின் முற்றத்துக்கு ஓடினாள்.

"கமலாக்கா! இந்த முறைத் தண்ணி திறம்! இவ்வளவு நாளும் எடுத்ததிலை இப்பிடி ஒரு தண்ணி வரேல்லை!"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நாகேஸ்வரிக்கு உச்சி குளிர்ந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டு பொட்டடிக்கு வந்தாள். வசனம் நாக்கு நுனியில் நின்றது.

ஆனால் கமலாவதி அழுதுகொண்டிருந்தாள். நாகேஸ்வரியைக் கண்டதும் ஓடிவந்து பொட்டுக்குள்ளால் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கள் நக்கலடிப்பியள் எண்ட வெக்கத்திலை மறைச்சுப்போட்டன். எங்கடை கிணத்திலை தோட்டத்து உரம் ஊறிக் கிடந்ததாம். பெரியாக்களுக்கு ஒண்டும் செய்யாதாம், கைக்குழந்தை குடிச்சால் உடம்பு நீலம் பாரிச்சு உயிருக்கே மோசமாம். கொதிக்க வைச்சாலும் போகாதாம். என்ரை பிள்ளைக்குப் பால்மா கரைக்க இவர் ஒவ்வொரு நாளும் கோயில் கிணத்திலை கானோடை போய் அள்ளிக்கொண்டு வாறவர். ஊருக்குத்தான் பெருமை கதைச்சுச் சமாளிச்சனான். இந்தக் கம்பஸ் பிள்ளை சொல்லி இந்தப் போகம் உரத்தைக் குறைச்சம்."

"அது வேலை செய்யுது அக்கா!" மார்கிரட் பையிலிருந்து வெறும் போத்தலை எடுத்தாள். "இனி எல்லாக் கிணத்தையும் இப்பிடித் திருத்தலாம்! ஆனால் இண்டைக்கும் ஒருக்கா எடுத்துப் பாத்திட்டு..."

கமலாவதியின் காதில் அது விழவில்லை. உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது. அவள் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"இஞ்சேருங்கோ! இனிக் கோயில் தண்ணி தேவையில்லை! எங்கடை தண்ணியிலையே பாலைக் கரைச்சுக் குடுங்கோ!"

மார்க்கண்டு பால்மா கலக்குகிற கரண்டிச் சத்தம் கேட்டது. குழந்தையின் அழுகை நின்றது.

வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள் நாகேஸ்வரி. ஒரு கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்த அந்த வசனத்தை, ஊருக்கே கேட்க அலறினாள்:

"குடுக்காதேங்கோ! அது என்ரை கிணத்துத் தண்ணி!"