தனிக் கூண்டு

நெற்றித் தையலைப் பிரித்துக்கொண்டு மகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோதும் அப்பா பின்னறையில்தான் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சுத்தியல் சத்தம்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தட்டினாள்.

"கூடத்தான் வரல. வலிக்குதான்னாவது வந்து கேக்கக் கூடாதா?"

"கொஞ்சம் வேலை இருக்கு."

வேலை! கோழி வளர்க்கிற வேலை. சாதாரணக் கோழி இல்லை, ஃபெசன்ட். தங்கக் கொண்டை, ரத்தச் சிவப்பு மார், முழ நீள வால். மகளுக்குக் கல்யாணமான மறுமாதமே அவள் அறையாக இருந்த இந்தப் பின்னறைக்குக் கம்பிவலை அடித்து அதுகளைக் குடி வைத்துவிட்டார். இப்போது புருஷன் அடி தாங்காமல் வந்தவள் மூன்று வயதுக் குழந்தையோடு கூடத்தில் படுக்கிறாள்.

"போன மாசம் சேவல் கொத்தி ஒரு பெட்டைக்கு மண்டையில ரத்தம் வந்துச்சு. அன்னிக்கே தனிக் கூண்டு போட்டீங்க. திரும்ப அதுகிட்ட விட்டா கொன்னுடும்னீங்க. நீங்க பெத்தது நெத்தி கிழிஞ்சு வந்து பத்து நாளாச்சு. வாயைத் தொறந்தீங்களா?"

உள்ளே மறுபடி சுத்தியல் விழுந்தது.

"அஞ்சு மணிக்கு மாப்பிள்ளை கூப்பிட வரார். அனுப்பவா, வேணாமா? அதையாவது சொல்லுங்க."

"வரட்டும். அதுக்குள்ள முடிச்சிடறேன்."

அம்மா மகளைப் பார்த்தாள். "கேட்டியா? கல்லுல நார் உரிச்சிடலாம். உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை வாங்க முடியாது."

"விடும்மா. அவர் மனசுதான் தெரிஞ்சுபோச்சே."

மகள் துணிகளைப் பையில் அடைத்தாள். குழந்தைக்குச் செருப்பு மாட்டினாள். மூன்றாம் தரம்தான் வார் துளையில் ஏறியது.

போகும்போது சொல்லாமல் எப்படிப் போவது? பின்னறைக் கதவருகே நின்றாள்.

"அப்பா, நான் கிளம்பறேன்."

கதவு திறந்தது.

"கோழியெல்லாம் எங்க தாத்தா?" என்றது குழந்தை.

"தெரிஞ்சவர் வீட்டுக்கு அனுப்பிட்டேன் கண்ணு. நீங்க ஆஸ்பத்திரி போனப்ப வண்டி வந்துச்சு."

ஒன்றுகூட இல்லை. கம்பிவலையும் இல்லை. கழுவிவிட்ட தரை இன்னும் ஈரமாக இருந்தது. சுவரோரம் அவளுடைய பழைய கட்டில்.

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவில் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னார்:

"கோழிக்குத் தாழ்ப்பாள் வெளியில இருந்துச்சு. உள்பக்கமா மாத்திட்டேன்மா. சரியா விழுதான்னு போட்டுப் பாரு."