முதல் ஓலை

"இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது, சாமி."

பங்குச்சாமியார் ஞானப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை வாசித்தால், திங்கட்கிழமை காலையில் இப்படி யாராவது வந்து நிற்பது வழக்கம்தான். 'இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்' என்று தன் வாயாலேயே வாசித்துவிட்டு, வந்தவர்களை விரட்டவா முடியும்?

வந்த அம்மாளுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. முந்தானைக்குள் எதையோ பொத்திப் பிடித்திருந்தாள். சாமியார் இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எந்த முகம் எந்த வீடு என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"யாரு கல்யாணத்தம்மா சொல்லுதீங்க? நேத்து ரெண்டு ஓலை வாசிச்சேன்."

"பெனிஷாவுக்கும் மார்ட்டினுக்கும்."

சாமியாருக்கு எரிச்சலே வந்துவிட்டது. போயும் போயும் அந்தக் கல்யாணத்தையா?

மார்ட்டின் கூடங்குளத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். போன தை மாசம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. ஆளில்லாத வள்ளம் மட்டும் மிதந்தது. கோயில் மணி அடித்து, ஊரிலுள்ள அத்தனை படகும் தொழிலை விட்டுவிட்டுத் தேடப் போயிற்று.

அதுவரை அவனை வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த பெனிஷா, 'என்னாலதான் செத்தாரோ' என்று பதறிப்போனாள். 'உயிரோட வந்தா அவரத்தான் கட்டுவேன்' என்று மாதாவுக்கு நேர்ச்சை செய்தாள். ஆண்டவரைப் போலவே மூன்றாம் நாள் அவன் நடந்து வந்தான்! சாமியார் நேற்றுப் பிரசங்கத்தில் இதைத்தான் உருகி உருகிச் சொன்னார்.

"அதுல என்னம்மா தடை?"

முந்தானைக்குள்ளிருந்து ஒரு பழைய காமிக்ஸ் புத்தகம் வெளியே வந்தது. அட்டையில் சிவப்புச் சிறகு விரித்துப் பறந்துகொண்டிருந்தவனைப் பார்த்ததும் சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடடே, செஞ்சிறகன்! செமினரியில பைபிளுக்குள்ள வச்சுப் படிச்சதுல்லா! இத ஏன் இங்க கொண்டாந்தீங்க?"

"இந்தக் கதையில வார லீனாங்கிற பிள்ளைய இவன் என்ன பாடு படுத்துதான்னு பாருங்க, சாமி. அவ மாட்டேன்னு சொல்லுதா. இவன் ஆத்துல விழுந்து செத்த மாதிரி நடிக்கான். அவ தலையில அடிச்சு அழுதா, மேல பறந்துக்கிட்டே வேடிக்கை பாக்கான். அடுத்த கதையில வேற ஆளு வேஷத்துல வந்து சோதிக்கான். அவ ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசினா, முகமூடியக் கழட்டிட்டு அவளையே திட்டுதான்."

"அந்தக் காலத்துல எல்லாம் அப்படித்தான் வரும். கடைசிப் பக்கத்துல அவளே வந்து கட்டிப்பிடிச்சுக்கிடுவால்லா?"

"அந்தப் படத்தப் போட்டவன் ஆம்பள, சாமி."

சாமியார் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"மார்ட்டினும் கடல்ல விழல. திசையன்விளையில கூட்டாளி வீட்டுல பரோட்டா தின்னுக்கிட்டுக் கிடந்தான். எல்லாம் இந்தப் பொஸ்தகத்தப் பாத்துச் செஞ்சது. அந்தப் பிள்ள மனசு வந்தா கழுத்த நீட்டுது? மாதாவுக்குப் பயந்து நீட்டுது. அந்த நேர்ச்சை செல்லாதுன்னு சாமி வாயால சொன்னாத்தான் கேப்பா."

சாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை ஓலை வாசித்தவர், எத்தனை அத்தைமாரையும் மாமிமாரையும் பார்த்தவர்! விஷயம் இன்னதென்று அவருக்கு விளங்கிவிட்டது.

"உங்களுக்கு மகன் இருக்கானாம்மா?"

"இருக்கான்."

"கல்யாணம் ஆகலியோ?"

"இன்னும் ஆகல."

"அவனுக்கும் பெனிஷா மேல ஆசையோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உசுரா இருக்கான், சாமி."

"அப்படி வாங்க வழிக்கு!" சாமியார் புத்தகத்தை மூடினார். "பிள்ளப் பாசம் கண்ண மறைக்கத்தான் செய்யும். அதுக்காக ஒருத்தன் மேல இப்படி அபாண்டமா சொல்லலாமா? மணி அடிச்சுத் தேடுன ஊரு, அழுத சனம், எல்லாம் பொய்யா?"

"அழுதது பொய் இல்ல. அழ வச்சதுதான் பொய்." அந்த அம்மாள் மூடிய புத்தகத்தைக் காட்டினாள். "நாளைக்கு அவ குழம்புல உப்பு கூடுனா, இவன் எதுல விழுந்து சாவான்? காலம் பூரா அவள அழ வச்சுல்லா பாத்துக்கிட்டு இருப்பான்? ஒரு பொட்டப்பிள்ள எத்தன தடவ சாமி அழும்?"

சாமியாருக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஆனாலும் விடவில்லை.

"சரி. பரோட்டா தின்ன கதைய உங்களுக்கு யாரு சொன்னா?"

"மார்ட்டின்தான். எங்க கோயில்லயும் நேத்து ஓலை வாசிச்சாவல்லா? அந்தச் சந்தோசத்துல, இந்தப் பொஸ்தகத்தக் காட்டி விழுந்து விழுந்து சிரிச்சான்."

"ஊர் உலகத்துக்கே மறைச்சவன், உங்ககிட்ட மட்டும் ஏன்மா சொல்லணும்?"

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"பெத்தவகிட்ட என்னத்த மறைக்கன்னு நெனச்சிருப்பான், சாமி."